உங்க ஊர்ல ஆறு இருக்கா?

டீச்சர் பதில்கள்

(வடமாநிலத் தொழிலாளர்கள் பற்றி இந்தத் தடவை ஒரே சமயத்தில் நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.)

டீச்சர், வணக்கம். நாங்கள் ஏழு வீடு உள்ள ஒரு வளவில் குடியிருக்கிறோம். கடைசி வீட்டை ஓனர் பீகார்ப் பையன்கள் ஆறு பேருக்கு விட்டுவிட்டார். ராத்திரி பதினொரு மணிக்கு வாசலில் நின்று போனில் சத்தமாகப் பேசுகிறார்கள். கண்ட இடத்தில் துப்புகிறார்கள். வயசுப் பிள்ளைகள் இருக்கிற வளவு. அவர்களைக் காலி பண்ணச் சொல்லி ஓனருக்கு மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். என் கணவர் போட்டுவிட்டார். எனக்கு மட்டும் பேனா ஓடவில்லை. போடவா, வேண்டாமா?
— பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

போட வேண்டாம்மா.

நீங்கள் எழுதியிருப்பது மூன்று புகார். ராத்திரிச் சத்தமும் எச்சிலும் நடந்தவை. வயசுப் பிள்ளைகள் விஷயத்தில் இதுவரை எதுவும் நடக்கவில்லை, பயம்தான் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, பெண் பிள்ளை வளர்த்தவள்தான் நானும். ஆனால் அதே வீட்டுக்குக் களக்காட்டுப் பையன்கள் ஆறு பேர் வந்து இதே சத்தம் போட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கூப்பிட்டுக் கண்டித்திருப்பீர்கள். மனு வரைக்கும் போயிருக்க மாட்டீர்கள்.

என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1971ல் இருபது வயசில் கல்யாணமாகி பம்பாய்க்குப் போனேன். அவருக்கு அங்கே கிளார்க் வேலை. மாட்டுங்கா பக்கம் ஒரு சாலில் ஒற்றை அறை. சால் என்றால் நம் வளவுதான், அதையே மூன்று மாடிக்கு அடுக்கியது போல இருக்கும். குழாயும் கக்கூஸும் பொது. அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1966ல் சிவசேனா தொடங்கியிருந்தது. ஆபீஸ் வேலையெல்லாம் தெற்கத்திக்காரர்களுக்கே போகிறது என்ற கோபத்தில் ‘லுங்கி ஹடாவோ, புங்கி பஜாவோ’ என்ற கோஷம் அந்த ஊரில் கிளம்பிய காலம் அது. லுங்கிக்காரனை விரட்டு என்று அர்த்தம். தமிழர், மலையாளி, கன்னடர் எல்லாருக்கும் அங்கே ஒரே பெயர், மதராசி. திருநெல்வேலி என்று சொன்னால் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் மேல் சாலில் இருந்த புகார்களைக் கேளுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்க்கிறோம், நாற்றம். சத்தமாகப் பேசுகிறோம். ஒரு அறைக்குள் ஊரையே கொண்டுவந்து அடைக்கிறோம். கடைசிப் புகார் உண்மைதான். வேலை தேடி வந்த கொழுந்தன்மார் இரண்டு பேர், அவருடைய பெரியம்மா மகன், நாங்கள் இரண்டு பேர், ஆக ஐந்து பேர் அந்த அறையில் படுத்து எழுந்தோம். தனித்தனியாக அறை எடுக்க யாருக்கும் சம்பளம் காணாது. எங்களைக் காலி பண்ணச் சொல்லி ஓனருக்கு ஒரு காகிதம் சுற்றியது. அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அப்போது மராத்தி படிக்க வராது.

எதிர் அறையில் ஒரு மராத்தி அம்மா இருந்தார். சாத்தாரா பக்கத்துக்காரர், வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை. அவரும் எங்களோடு பேசியதில்லை. ஒருநாள் குழாயடியில் வரிசையில் நிற்கும்போது திடீரென்று என்னைப் பார்த்து, “தும்ச்யா காவாலா நதி ஆஹே கா?” என்றார். எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல், நதி. “ஆமா, தாமிரபரணி” என்றேன். படித்துறை, துணி துவைக்கிற கல், முங்கிக் குளிப்பது எல்லாவற்றையும் கையாலேயே காட்டினேன். அவர் “கிருஷ்ணா” என்றார். அவர் ஊர் கிருஷ்ணா நதிக்கரையில் இருக்கிறதாம். அவரும் சேலையோடு முங்கி எழுவதைக் காட்டினார். குழாயில் தண்ணீர் நிற்கும் வரைக்கும் இரண்டு பேரும் இப்படியே பேசினோம். அந்தக் காகிதம் அப்புறம் ஓனரிடம் போகவில்லை. போகவிடாமல் செய்தது அந்த அம்மாதான் என்று வெகுநாள் கழித்துத் தெரிந்தது.

அங்கேயே மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் டீச்சராகி, 1999ல் ஊருக்குத் திரும்பி, வண்ணார்பேட்டையில் வீடு எடுத்தோம். இப்படியெல்லாம் வாழ்ந்த நான், கட்டட வேலைக்கு வந்த பையன்கள் எங்கள் தெருக்கோடியில் தங்க ஆரம்பித்ததும் என்ன செய்தேன் தெரியுமா? வாசல் கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கினேன். கொல்லையில் கவிழ்த்து வைக்கும் பித்தளைப் பானையைத் தூக்கி உள்ளே வைத்தேன். அவர்கள் எதையும் எடுக்கவில்லை, எடுப்பார்கள் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஒரு வாரம் கழித்து, ராத்திரி பூட்டை இழுத்துப் பார்க்கும்போதுதான் அந்தச் சால் நினைவுக்கு வந்தது. பட்டவளுக்குத் தானாகவே புரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். எனக்குப் புரியவில்லை, உட்கார்ந்து நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

மறுநாள் தண்ணீர் பிடிக்க வந்த பையனிடம், எனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில் அதே கேள்வியைக் கேட்டேன். உங்க ஊர்ல ஆறு இருக்கா?

“கோசி” என்றான்.

பீகாரின் துயரம் என்று நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஆறு. நேபாளத்திலிருந்து இறங்கி வருவது. 2008 ஆகஸ்ட் 18ந்தேதி நேபாள எல்லைக்குள் குசஹா என்ற இடத்தில் கரை உடைந்து, ஆறு தன் பழைய தடத்தில் திரும்பி ஓடியது. சுபௌல், மதேபுரா பக்கம் லட்சக்கணக்கான பேர் வீட்டை விட்டு ஓடினார்கள். பையனுக்கு அப்போது ஐந்து வயசு. கூரை மேல் உட்கார்ந்திருந்ததும், கட்டியிருந்த எருமை கத்தியதும் மட்டும் நினைவிருக்கிறதாம். வெள்ளம் வடிந்தபோது வயலெல்லாம் மணல். அதற்குப் பிறகு அந்த வயலில் பழைய மாதிரி விளைச்சல் இல்லை. அண்ணன் பஞ்சாபுக்குப் போனான், இவன் பதினெட்டு முடிந்ததும் இங்கே வந்துவிட்டான்.

இதைக் கேட்டிருந்ததால்தான் 2023 டிசம்பர் 17, 18 எனக்கு வேறு மாதிரி இருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் வரை கொட்டி, ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு ரயில் நின்றுபோன அந்த வெள்ளம். எங்கள் தெருவுக்குள்ளும் ஆறு வந்தது. அந்தப் பையன் மாடிக்கு ஏறி உட்கார்ந்தவன், தண்ணீர் வடிந்த பிறகும் ஒரு நாள் இறங்கவில்லை. ‘இம்புட்டுப் பெரிய ஆளு, பயப்படுதான் பாரு’ என்று தெருவில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கொஞ்சநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் வளவு விஷயத்துக்கு வருகிறேன். கணவரையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் போங்கள். எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று முதலில் கேளுங்கள். அப்புறம் சத்தத்தைப் பற்றியும் துப்புவதைப் பற்றியும் கண்டிப்பாகவே சொல்லுங்கள். எங்கள் தெருவிலும் இதே பதினொரு மணிப் பேச்சு இருந்தது. வேலை முடிந்து சமைத்துச் சாப்பிடவே பத்தரை ஆகிவிடுகிறது, உள்ளே நாலு பேர் தூங்குகிறார்கள், அம்மாவோடு பேச வாசலை விட்டால் இடமில்லை என்றார்கள். மொட்டை மாடிச் சாவியை ஓனர் கொடுத்தார், சத்தம் போயிற்று. எச்சில் விஷயத்தில் ஒருவனுக்கு மட்டும் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

இருபத்திரண்டு வருஷமாகக் கொத்தனார் வேலை பார்க்கிறேன். வடக்கத்திப் பையன்கள் வந்த பிறகு வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அவர்கள் நிலையில் நின்று பார் என்கிறார்கள். என் நிலையில் நின்று பார்க்க யார் இருக்கிறார்கள்?
— வள்ளியூர் வாசகர்

நியாயமான கேள்வி, தம்பி. பரிவைப் பற்றிப் பேசுகிற பலருக்குக் கூலியில் போட்டி கிடையாது. பென்ஷன் வாங்கும் எனக்கும் இல்லை. அதனால் கோபப்படாதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அதைச் சொல்கிறேன். எங்கள் தெருப் பையனுக்குப் பேசின கூலியில் நாளுக்கு 150 ரூபாயை அவனைக் கூட்டிவந்த ஆள் பிடித்துக்கொள்கிறான். ஊரில் வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸ் கழியும் வரைக்கும் வேறு சைட்டுக்குப் போக முடியாது. ஞாயிறும் வேலை. விழுந்து அடிபட்டால் ஊருக்கு டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள். உங்களை அப்படி அனுப்ப முடியாது, கேட்க ஆள் இருக்கிறது. உங்களுக்குப் பதிலாக அவனைக் கூப்பிடுவதற்கு இதுதான் காரணம்.

வேறு மாநிலத்திலிருந்து கூட்டி வரும் தொழிலாளிக்கு, அதே வேலை செய்கிற மற்றவர்களுக்குக் கொடுக்கும் கூலியைவிடக் குறைக்கக் கூடாது என்று 1979லேயே தனியாகச் சட்டம் போட்டார்கள். அதை ஒழுங்காக நடத்தியிருந்தால் மலிவு என்பதற்காக அவனைக் கூப்பிடும் அவசியமே கான்ட்ராக்டருக்கு வந்திருக்காது. உங்கள் மூன்று நாள் உங்களுக்குத் திரும்பி வர வேண்டுமென்றால், அவன் கூலி கூடியாக வேண்டும். உங்கள் சங்கத்தில் அவர்களையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

அல்வாவைக் கொண்டு வந்ததே வடக்கத்திக்காரர்கள்தான் என்ற பழைய கதையைச் சொல்லிச் சமாளிக்காதீர்கள்.
— திருநெல்வேலி டவுன் வாசகர்

அதைச் சொல்லப் போவதில்லை. இருட்டுக்கடை பிஜிலி சிங் குடும்பம் ராஜஸ்தான் வழி வந்தது என்பது டவுனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவிப் பக்கம் பிசான நெல்லுக்குத் தண்ணீர் தருகிற கன்னடியன் கால்வாயை வெட்டியது கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் என்ற கதையும் நம் ஊரில் உண்டு. இருந்தாலும் இந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. அல்வா கிண்டத் தெரியாதவன், கால்வாய் வெட்டக் காசில்லாதவன் வந்தால் அவனை என்ன செய்வது? கோசிக்கரைப் பையன் நமக்கு எதுவும் கொண்டுவரவில்லை. அவனுக்கு வேலை வேண்டும், ராத்திரி படுக்க ஒரு இடம் வேண்டும்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் 1841ல் இடையன்குடிக்கு வந்து ஐம்பது வருஷம் போல இருந்தார். அவர் செய்த வேலையை மதிக்கிறேன். ஆனால் ஆளுகிறவர்களின் நிறத்தோடு வந்தவர்களை நாம் துரை என்று கூப்பிட்டோம். சிமென்ட் சட்டியோடு வருகிறவனை ‘வடக்கன்’ என்கிறோம், பெயரைக்கூடக் கேட்பதில்லை.

பிறர் நிலையில் தன்னை வைத்துப் பார்த்தால் வெறுப்பு குறையும் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். நிஜமாகவே குறையுமா, யாராவது சோதித்திருக்கிறார்களா?
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

சோதித்திருக்கிறார்கள். பேத்தியை வைத்து இணையத்தில் எடுத்துப் படித்தேன்.

1954ல் கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்னது இன்றைக்கும் அடிப்படையாக இருக்கிறது. சும்மா பக்கத்தில் இருந்தால் போதாது. சரிசமமாக, ஒரே காரியத்துக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலே இருப்பவர்களும் அதை ஆதரிக்க வேண்டும், அப்போதுதான் வெறுப்பு குறையும் என்றார். நம் நாட்டிலேயே மாட் லோ என்ற பொருளியலாளர் உத்தரப் பிரதேசத்தில் வெவ்வேறு சாதி இளைஞர்களை வைத்து கிரிக்கெட் போட்டி நடத்திப் பார்த்தார். ஒரே டீமில் ஆடியவர்களுக்குள் சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிர் டீமாக மட்டுமே சந்தித்தவர்களிடம் நேர்மாறாக ஆயிற்று. பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக்கு ஒரு நிறமாகக் கயிறு கட்டிக்கொள்கிற நம் மாவட்டத்தில் இதைப் படிக்கும்போது மனசு வேறு எங்கெல்லாமோ போகிறது. அடுத்த தெருக்காரனையே ஏற்காதவர்கள் பீகார்க்காரனை எப்படி ஏற்பார்கள் என்று ஒரு வாசகர் முன்பு கேட்டிருந்தார். இரண்டும் ஒரே வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது, ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்குப் போக முடியாது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். 2018ல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கர்களிடம், ‘நீங்கள் அகதியாக ஓட வேண்டி வந்தால் கையில் எதை எடுத்துப்போவீர்கள், எங்கே போவீர்கள்?’ என்று கேட்டார்கள். அப்படி யோசித்தவர்களில், சிரிய அகதிகளுக்காக அதிபருக்குக் கடிதம் எழுத முன்வந்தோர் எண்ணிக்கை கூடியது. ஆனால் அது கொஞ்ச காலத்துக்கான மாற்றம்தான். அதே வருஷம் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. நிக்கலஸ் எப்ளியும் மற்றவர்களும் 25 சோதனைகள் செய்தார்கள். அடுத்தவர் நிலையில் இருந்து யோசிப்பதால் அவர் மனசில் இருப்பதை நாம் சரியாகக் கண்டுபிடித்துவிடுவதில்லை. கேட்டால்தான் தெரிகிறது.

எனக்கு இது உடனே புரிந்தது. நானாகக் கற்பனை செய்திருந்தால் அந்தப் பையனுக்குப் பசி, வறுமை என்றுதான் நினைத்திருப்பேன். கோசியும் மணலும் எருமைச் சத்தமும் என் கற்பனைக்கு வந்திருக்காது.

2020ல் கல்லா, புரூக்மன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். வாதம் மட்டும் செய்தபோது பலனில்லை. குடியேறிகளின் கதையைச் சொல்லி, வீட்டுக்காரர் தனக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது குற்றம் சொல்லாமல் காதுகொடுத்தபோது மனசு கொஞ்சம் மாறியது, அது நாலு மாசமாவது நின்றது. எல்லாரும் மாறிவிடவில்லை, சின்ன மாற்றம்தான். எனக்கு அந்தச் சின்னது போதுமானதாகத் தெரிகிறது.

உன் வீட்டில் கேட்டுப் பார். கொழும்புக் கடை, ரங்கூன், பினாங்கு, தாராவி, குவைத், இதில் ஏதாவது ஒன்று உன் குடும்பத்தில் இல்லாமல் இருக்காது. கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பக்கம் தெருத்தெருவாகக் குடியிருந்தவர்கள். முதல் நாள் ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்று உன் தாத்தாவிடம் கேள். பிறகு அதையே அந்தப் பையன்களிடமும் கேள்.

பிள்ளை பிடிக்கிறவன் வடக்கிலிருந்து வந்திருக்கிறான் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. மற்றவர்களுக்கு அனுப்பினால் தப்பா?
— முக்கூடல் வாசகி

தப்பு. 2018 மே மாதம் இதே மாதிரிச் செய்தி பரவிய நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கோயில் கும்பிடப் போன ஒரு முதிய பெண், வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவள் என்று சொல்லி அடித்தே கொன்றுவிட்டார்கள். அவர் சென்னைக்காரர், தமிழ் பேசுகிறவர்.

2023 மார்ச்சில் மறுபக்கம் நடந்தது. தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களைக் கொல்கிறார்கள் என்று வேறெங்கோ எடுத்த வீடியோக்களை அங்கே பரப்பினார்கள். பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது, பொய் என்று தெரிந்தது. அதற்குள் பயந்துபோய் ஊருக்கு ரயிலேறியவர்கள் நிறையப் பேர். எங்கள் தெருப் பையனின் அம்மா அந்த ஒரு வாரமும் மணிக்கு ஒரு தடவை போன் பண்ணினார். ஒரு தடவை போனை என்னிடம் கொடுத்தான். நான் இந்தியில் ‘உங்க பையன் நல்லா இருக்கான்’ என்றதும் அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்தான் கேட்டது.

எனக்கு இந்தி ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. எதைப் பேச?
— அம்பாசமுத்திரம் வாசகி

‘நதி’ என்று சொல்லுங்கள், அது அங்கேயும் அதே சொல்தான்.

போன ஐப்பசியில் தீபாவளி முடிந்து நாலைந்து நாள் இருக்கும். அந்தப் பையன் வாசலில் வந்து நின்று கையால் ஏதோ புடைக்கிற மாதிரி காட்டினான். அவன் ஊரில் சட் பூஜை என்று ஒன்று. தீபாவளிக்கு ஆறாம் நாள் சாயங்காலம் ஆற்றில் இறங்கி நின்று, மறைகிற சூரியனுக்குப் பழமும் பலகாரமும் படைப்பார்கள். மறுநாள் விடியலில் உதிக்கிற சூரியனுக்கும் அதே போல. படையலை மூங்கில் முறத்தில்தான் வைக்க வேண்டுமாம். அம்மாவுக்கு உடம்பு முடியாததால் விரதத்தை இவன் எடுத்துக்கொண்டான். இங்கே கடையில் எல்லாம் பிளாஸ்டிக்.

பரணிலிருந்து என் மாமியார் காலத்துச் சுளகை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தேன். விடியற்காலையில் கொக்கிரகுளம் படித்துறைக்கு நானும் போனேன். இடுப்பளவுத் தண்ணீரில் அந்தச் சுளகை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றான். மூன்று கரும்பு, ஒரு சீப்பு வாழைப்பழம், கோதுமையில் சுட்ட பலகாரம். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கையை நிறுத்திவிட்டு, “யாருக்குப்பா பொங்கல், சூரியனுக்கா?” என்று கேட்டார். அவனுக்குத் தமிழ் அவ்வளவு வராது. ஆனாலும் ‘சூரியன்’ புரிந்து, ஆமாம் என்று தலையை ஆட்டினான்.